பரணில் கிடக்கும் ஃப்ளை ரீலை என்ன செய்யலாம்? – தூண்டில் கேள்வி பதில்

போன இதழில் ஃப்ளை தூண்டில் பற்றி ஒரு பக்கம் வந்தது. அதில் ஓரமாக, "வீட்டுப் பரணில் பழைய இங்கிலீஷ் ரீல் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த வரியைப் பிடித்துக்கொண்டு எழுதியவர்கள்தான் அதிகம். மில் துரை கொடுத்தது, எஸ்டேட் துரை விட்டுப்போனது, கொடைக்கானல் பங்களாவைக் காலி பண்ணும்போது கிடைத்தது என்று ஆளுக்கொரு கதை. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் இத்தனை பரணில் ரீல் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை தூண்டிலில் இறகும் நூலும் சுற்றிய முள்ளுக்குக் கனமே கிடையாது, கனமெல்லாம் தடித்த லைனில் இருக்கிறது, அந்த லைனைத்தான் முன்னும் பின்னும் வீசி எறிகிறோம். வீசும்போது ரீலுக்கு ஒரு வேலையும் இல்லை. லைனைச் சுருட்டி வைத்திருப்பது, மீன் ஓடினால் சிக்கில்லாமல் விட்டுக்கொடுப்பது, இவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

எங்கள் தாத்தா ஹார்வி மில் துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். அவர் டிரங்குப் பெட்டியில் ஒரு ரீல் இருக்கிறது. "ஹார்டி பிரதர்ஸ், ஆல்னிக்" என்று பொறித்திருக்கிறது. கைப்பிடி மஞ்சளாக, தந்தம் மாதிரி இருக்கிறது. கறுத்துப் போயிருப்பதால் புளி போட்டு விளக்கலாம் என்கிறார் அம்மா. விளக்கலாமா சார்?
– வாசகர், பழங்காநத்தம்

அம்மாவிடமிருந்து முதலில் அந்த ரீலை வாங்கி வைத்துவிடுங்கள். புளி வேண்டாம், சாம்பல் வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், பித்தளைக்குப் போடும் பாலிஷ் எதுவும் வேண்டாம். கறுத்துப் போயிருக்கிறது என்று நீங்கள் நினைப்பது அழுக்காக இருக்காது. ஹார்டி கம்பெனி அந்தக் காலத்து அலுமினிய ரீல்களுக்கு ஈயச் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு கொடுத்தது. வெயிலில் ரீல் மின்னி மீனை விரட்டாமல் இருக்கத்தான் அது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் எவர்சில்வர் டம்ளர் மாதிரிப் பளபளக்கும், ஆனால் சேகரிப்பவர்கள் கையால் தொட மாட்டார்கள்.

ஹார்டி என்பது இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பர்லாந்து பக்கம் ஆல்னிக் என்ற ஊரில் 1872-ல் துப்பாக்கிக் கடையாக ஆரம்பித்த கம்பெனி, அப்புறம்தான் தூண்டில் சாமானுக்கு வந்தார்கள். உங்கள் ரீலில் கைப்பிடி முகப்புத் தட்டிலேயே பொருத்தியிருந்து, சுற்றும்போது அந்தத் தட்டு முழுவதும் சேர்ந்து சுழன்றால் அது அவர்களுடைய "பெர்ஃபெக்ட்" மாடலாக இருக்கலாம். 1890-களில் வந்தது, உள்ளே எஃகுக் குண்டு பேரிங் வைத்த ரீல். இதை நீங்களாகக் கழற்றுவதாக இருந்தால் தரையில் உட்கார்ந்து, வெள்ளை வேட்டியை விரித்து, அதன் மேல் வைத்துக் கழற்றுங்கள். அந்தச் சின்னக் குண்டு ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போனால் பிறகு வீட்டையே காலி பண்ணித் தேட வேண்டும்.

சுத்தம் செய்வது இப்படித்தான்: வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ரெண்டு சொட்டு, பழைய டூத் பிரஷ், மெதுவாக. திருகுகளின் பள்ளத்தில் இறுகிக் கிடக்கும் பழைய கிரீஸுக்கு மட்டும் பஞ்சில் தொட்ட மண்ணெண்ணெய். துடைத்து, நிழலில் ஒருநாள் காயவிட்டால் போதும். திருகைக் கழற்றும்போது முனை சரியாக உட்காரும் ஸ்க்ரூடிரைவராகப் பார்த்து எடுங்கள். கடிகாரக்காரர் வைத்திருப்பது பொருந்தும், வீட்டில் சுவிட்ச்போர்டு கழற்றும் டெஸ்டர் பொருந்தாது. திருகுத் தலை ஒருமுறை சிதைந்தால் அந்தத் தழும்பு போகவே போகாது.

கைப்பிடியைப் பார்த்து யானைத் தந்தமோ என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஐவரின் என்ற செயற்கைப் பொருள்தான். வயதானால் மஞ்சளாகும், அது அழகுதான்.

அண்ணே, ரீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? வீட்டில் அதுதான் இருக்கு.
– வாசகர், சின்னமனூர்

வேண்டாம் தம்பி. கொஞ்ச நாளில் பிசினாகி தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதோடு 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், நீங்கள் ரீலை எடுத்துக்கொண்டு போகப்போவதோ கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும். தையல் மிஷின் எண்ணெய் வாங்குங்கள். நடு அச்சில் ஒரு சொட்டு, கைப்பிடி சுற்றும் இடத்தில் அரைச் சொட்டு. பல்சக்கரத்துக்கு மட்டும் லேசாக கிரீஸ், விரல் நுனியில் தொட்டு எடுக்கும் அளவு. துரு கழற்ற அடிக்கும் ஸ்பிரேயை எண்ணெய் என்று நினைத்து விடாதீர்கள், அது பழைய எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

என்னிடம் இருப்பது ஃப்ளூகர் மெடலிஸ்ட் 1494. கனமாக இருக்கிறது. கப்பலூர் தொழிற்பேட்டையில் மச்சான் லேத் வைத்திருக்கிறான். ஸ்பூலில் (லைன் சுற்றும் உருளையில்) வட்டமாக ஓட்டை போட்டால் எடை குறையும், பார்க்கவும் புது மாடல் மாதிரி இருக்கும் என்கிறான். வெளிநாட்டில் எல்லாரும் இப்படிச் செய்வதாகப் படங்களும் காட்டினான். போடலாமா?
– வாசகர், திருமங்கலம்

மச்சான் சொல்வது உண்மைதான், வெளிநாட்டில் மெடலிஸ்ட்டை வைத்துச் செய்யாத வேலை இல்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரான் ஊரில் ஃப்ளூகர் செய்த ரீல் அது. 1930-களிலிருந்தே விற்று, பல பத்தாண்டு ஓடி, ஏராளமாகக் கிடைக்கும் சாமான். அதனால் ஒன்றைக் கெடுத்தாலும் வரலாறு அழிந்துவிடாது. ஹார்டி பெர்ஃபெக்ட்டில் ஓட்டை போடுகிறேன் என்று எழுதியிருந்தால் நானே பஸ் ஏறி வந்து பிடுங்கியிருப்பேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 8 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு ஓட்டை, தகட்டின் தடிப்பு ஒன்றரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் வெளியே வரும் அலுமினியம் 0.2 கிராம். ஸ்பூலின் பக்கத் தட்டில் 20 ஓட்டை போட்டாலும் 4 கிராம்தான் குறையும். ஒரு டீஸ்பூன் சர்க்கரை அளவு. இதற்கா இவ்வளவு பாடு? கனம் தெரிகிறது என்றால் காரணம் ரீலாக இருக்காது, ராடாக, அதாவது தூண்டில் கம்பாக இருக்கும். இந்த ரீல்கள் மூங்கில் ராடுக்கும், அப்புறம் வந்த கண்ணாடி இழை ராடுக்கும் செய்தவை. அந்த ராடுகளின் முன்பாரத்தைச் சமன் செய்ய பின்னால் கனமான ரீல் வேண்டும். அதையே இறகு எடையில் வரும் இன்றைய கார்பன் ராடில் மாட்டினால் பின்பக்கம் தொங்கத்தான் செய்யும். ராடை விரல் மேல் வைத்துப் பாருங்கள்; லைன் சுற்றிய ரீலோடு, பிடிக்கும் கார்க்கின் முன்பக்கத்தில் சமன் வந்தால் போதும், ரீலின் எடையை மறந்துவிடலாம்.

அழகுக்காகத்தான் போடப்போகிறேன் என்றால் அது வேறு விஷயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிச் செய்தால்: கையில் பிடிக்கும் டிரில்லில் போடாதீர்கள், பில்லர் டிரில்லில் போடுங்கள். முதலில் காகிதத்தில் வட்டம் போட்டு, காம்பஸால் சமமாகப் பிரித்து, தகட்டில் ஒட்டி, சென்டர் பஞ்ச் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டைகள் எதிரெதிராகச் சரியாக விழவில்லை என்றால் மீன் வேகமாக ஓடும்போது ஸ்பூல் ஆடும். விளிம்புக்கு மிக அருகில் போகாதீர்கள், அங்கே தகடு பலம் இழந்தால் கீழே ஒருமுறை விழுந்ததும் நெளிந்துவிடும். இதற்கெல்லாம் மேல், ஒவ்வொரு ஓட்டையின் ரெண்டு பக்க விளிம்பையும் மழுக்க வேண்டும். மச்சான் அவசரத்தில் இதைத்தான் விடுவார். கூர்மையான பிசிறு ஒன்று இருந்தால் போதும், லைனின் மேல்பூச்சைச் சீவி எடுத்துவிடும், லைனின் விலை தெரிந்தால் உங்களுக்கு மச்சான் மேல் கோபம் வரும்.

ஓட்டை போட்டு லைனைக் காயவைப்பது பழைய யோசனைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1874-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஆர்விஸ் காப்புரிமை வாங்கிய ரீலில் பக்கத் தட்டுகள் முழுக்க ஓட்டைகள் உண்டு. அன்றைக்குப் பட்டு லைன், காயாவிட்டால் இற்றுப்போகும். இன்றைய பிளாஸ்டிக் பூச்சு லைனுக்கு அந்தக் கவலை இல்லை.

புது ராடில் பழைய ரீலின் கால் நுழையவில்லை. அரம் போட்டு ராவலாமா?
– வாசகர், நிலக்கோட்டை

ராவ வேண்டாம். கால் பித்தளை என்றால் சுலபமாகத் தேய்ந்துவிடும், அதனால்தான் பலரும் ராவிவிட்டார்கள், அதனால்தான் ராவாத கால் உள்ள ரீலுக்கு மதிப்பு. ராடு புதிது, கடையில் இன்னொன்று கிடைக்கும். இடிக்கிறது என்றால் ராடு பக்கத்து மூடியின் உள்விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் கார்க் பிடியில் ரெண்டு வளையம் நகரும் மாதிரியான பழைய பாணி ராடு தேடுங்கள், அதில் எந்தக் காலும் உட்காரும்.

நான் வலது கையால் வீசுவேன். வலது கையாலேயே சுற்றும்படி ரீல் இருக்கிறது. வீசிவிட்டு ராடைக் கை மாற்ற வேண்டியிருக்கிறது. இடது கைக்கு மாற்ற முடியுமா அல்லது இப்படியே பழகிக்கொள்ளவா?
– வாசகர், போடி

ரெண்டும் முடியும். அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்கள் வலது கையால் வீசி, மீன் மாட்டியதும் ராடை இடது கைக்கு மாற்றி, வலது கையால்தான் சுற்றினார்கள், அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. ஆனால் நம்மில் பலர் ஸ்பின்னிங் ரீலில் இடது கையால் சுற்றிப் பழகியவர்கள், மாற்றிக்கொள்வதுதான் வசதி.

ஸ்பூலைக் கழற்றுங்கள். பின்தட்டில் சின்ன முக்கோண நாக்கு ஒன்று, அதை அழுத்திக்கொண்டு ஒரு ஸ்பிரிங் பட்டை. ஸ்பூலின் முதுகில் உள்ள பல்சக்கரத்தில் இந்த நாக்கு இடித்து இடித்துத்தான் அந்த டிக்-டிக் சத்தம் வருகிறது. ஹார்டி லைட்வெயிட் வகை ரீல்கள் பலவற்றில் ரெண்டு நாக்கு இருக்கும், ஒன்று வேலையில், ஒன்று ஒதுங்கி. ஒதுங்கியதை உள்ளே தள்ளி, வேலையில் இருந்ததை வெளியே தள்ளினால் கை மாறிவிட்டது. மெடலிஸ்ட் என்றால் நாக்கைக் கழற்றிக் கவிழ்த்துப் போட வேண்டும். எதுவாக இருந்தாலும் லைன் வெளியே வரும் இடத்தில் உள்ள காப்பையும் அடுத்த பக்கத்துக்கு மாற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் லைன் வெறும் சட்டத்தில் உரசி உரசி இரண்டும் கெடும். கடைசியாக, சுற்றியிருக்கும் லைனை முழுக்க வெளியே எடுத்து எதிர்ப்பக்கமாகச் சுற்றியாக வேண்டும். கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பெர்ஃபெக்ட் மட்டும் இந்தக் கணக்கில் வராது, அதில் கை மாற்றுவது எளிதல்ல, வலது கைக்கு வந்த ரீலை வலது கையாலேயே சுற்றுங்கள்.

லைனுக்கு அடியில் பேக்கிங் என்று ஒரு அடிநூல் சுற்ற வேண்டும் என்கிறார்கள். கடையில் தங்கூஸ்தான் இருக்கிறது, அதையே சுற்றினால் என்ன? எவ்வளவு சுற்றுவது என்றும் புரியவில்லை.
– வாசகர், உசிலம்பட்டி

தங்கூஸ் மட்டும் வேண்டாம். நைலான் நரம்பு இழுத்தால் நீளும், இழுவையோடு சுற்றிவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், அப்போது ஸ்பூலை நடுவில் நெரிக்கும். ஒரு சுற்றின் நெரிப்பு ஒன்றுமில்லை, நூறு சுற்று சேர்ந்தால் மெல்லிய பழைய ஸ்பூலின் பக்கத் தட்டு வெளியே பிதுங்கி, சட்டத்தில் உரச ஆரம்பிக்கும். அதற்கப்புறம் அதை நேராக்க எந்தப் பட்டறையாலும் ஆகாது. பின்னல் டாக்ரான் நூல் என்று கேட்டு வாங்குங்கள், 20 பவுண்டு இழுவை தாங்குவது போதும்.

அளவுக்கு ஒரு வழி இருக்கிறது, எந்த அட்டவணையும் பார்க்க வேண்டாம். தலைகீழாகச் செய்யுங்கள்: முதலில் ஃப்ளை லைனை வெறும் ஸ்பூலில் சுற்றுங்கள், வீசும் நுனி உள்ளே போகட்டும். அதன் மேல் டாக்ரானைக் கட்டி, விளிம்புக்கு அரைச் சென்டிமீட்டர் இருக்கும்வரை சுற்றி, வெட்டிவிடுங்கள். இப்போது எவ்வளவு டாக்ரான் கொள்ளும் என்று ரீலே சொல்லிவிட்டது. அப்புறம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திருப்பிச் சுற்ற வேண்டும். லைன் ஏறக்குறைய 27 மீட்டர், டாக்ரான் அதற்கு மேலும் வரும், வீட்டுக்குள் விரித்தால் குழந்தைகள் காலில் மாட்டும். மொட்டை மாடி உகந்த இடம். துணி காயப்போடும் கம்பங்களில் நாலு சுற்று சுற்றி விட்டு, ஒருவர் பழைய துணியால் லைனை லேசாகப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சுற்ற வேண்டும். விரலால் லைனை இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே சுற்றுங்கள். ஒரே இடத்தில் குவிந்தால் சட்டத்தில் இடிக்கும்.

பழைய ரீலில் இன்னொரு சிக்கல். அவை பட்டு லைனுக்கு அளவெடுத்தவை, பட்டு அதே எடையில் பிளாஸ்டிக் பூச்சு லைனைவிட மெல்லியது. அதனால் பெட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு இன்றைய லைன் கொள்ளாது. டபுள் டேப்பர், அதாவது ரெண்டு நுனியும் மெலிந்த லைன் வாங்கியிருந்தால் அதன் ரெண்டு பாதியும் ஒரே மாதிரிதான், நடுவில் வெட்டிப் பாதியை நண்பருக்குக் கொடுத்து விலையில் பாதியை வாங்கிக்கொள்ளுங்கள். நம் கண்மாயில் முழு நீளத்தையும் வீச யாருக்கு இடம் இருக்கிறது? பின்னால் கருவேலம்தான் நிற்கும்.

பழைய வீட்டுச் சாமான்களில் ஒரு அட்டைப் பெட்டி, உள்ளே சுருண்ட பட்டு லைன். மேலே "எச்.டி.எச்." என்று இருக்கிறது. இது கம்பெனியின் பெயரா?
– வாசகி, கொடைக்கானல்

இல்லை அம்மா, லைனின் தடிப்பு. 1961 வாக்கில் எண் முறை வரும்வரை லைனை எழுத்தால்தான் சொன்னார்கள். எச் என்றால் 0.025 அங்குலம், டி என்றால் 0.045. நுனி மெல்லியது, நடு தடித்தது, மறு நுனி மெல்லியது, அதுதான் எச்.டி.எச். இன்றைய கணக்கில் டபுள் டேப்பர் 6 என்று வைத்துக்கொள்ளலாம். எண் முறையில் பார்ப்பது தடிப்பை அல்ல, முதல் 30 அடியின் எடையை. 6 என்றால் 160 கிரெயின், அதாவது 10 கிராமுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் வீட்டில் ராடும் இருந்தால் அது 6-ம் எண் லைனுக்கு உரியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

லைனைப் பயன்படுத்தலாமா என்று பார்க்க ரெண்டடி நீளத்தைக் கையில் சுற்றி வெடுக்கென்று இழுங்கள். அறுந்தால் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு லைனை எறியுங்கள். அறாவிட்டாலும் பிசுபிசு என்று ஒட்டினால் பழைய எண்ணெய் கெட்டுவிட்டது என்று அர்த்தம், அதைச் சுற்றினால் ரீலும் பிசினாகும். ஒருவேளை நன்றாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆனால் ஒவ்வொரு முறை போய் வந்ததும் ரீலிலிருந்து எடுத்து நிழலில் கொடிபோட்டுக் காயவைக்க வேண்டும், கொடைக்கானல் ஈரத்தில் அதை மறந்தால் ஒரு மழைக்காலம் தாங்காது.

அந்த டிக்-டிக் சத்தத்தில் மீன் ஓடிவிடாதா? நாக்கைக் கழற்றி எறிந்துவிட்டால் ரீல் வழுவழுவென்று ஓடுகிறதே?
– வாசகர், திண்டுக்கல்

வழுவழுவென்று ஓடுவதுதான் ஆபத்து. மீன் ஒரு இழு இழுத்துவிட்டு நிற்கும், ஸ்பூல் நிற்காமல் தன்பாட்டுக்குச் சுழலும், லைன் உள்ளுக்குள் கூடு கட்டிவிடும், அடுத்த இழுப்பில் எல்லாம் அறுந்து கையோடு வரும். அதைத் தடுக்கத்தான் நாக்கு, மீனை நிறுத்த அல்ல. மீனை நிறுத்துவது உங்கள் கை. 1970 வாக்கில் வந்த ஹார்டி மார்க்விஸ், 1971-ல் வந்த ஆர்விஸ் சி.எஃப்.ஓ. போன்றவற்றில் ஸ்பூலின் விளிம்பு வெளியே தெரியும், உள்ளங்கையை மெதுவாக அதில் வைத்தால் பிரேக். அதற்கு முந்திய ரீல்களில் விளிம்பு சட்டத்துக்குள் மறைந்திருக்கும், அப்போது லைனை ஆள்காட்டி விரலால் கார்க்கோடு சேர்த்து அழுத்துங்கள். கைப்பிடி சுழலும்போது விரலை நீட்டாதீர்கள், கணுவில் அடி வாங்கினால் நாலு நாளைக்கு வலிக்கும்.

சத்தம் தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு ஒரு பொருட்டே இல்லை, கரையில் நீங்கள் தொம் தொம் என்று நடப்பதுதான் கேட்கும். நாக்கு தேய்ந்து முனை மழுங்கியிருந்தால் கடிகாரக்காரரிடமோ சின்ன லேத்திலோ புதிதாகச் செய்துகொள்ளலாம், பழையதை மாதிரிக்குக் கொடுங்கள். பல்சக்கரத்தைவிடச் சற்று மென்மையான உலோகத்தில் செய்யச் சொல்லுங்கள். தேய்ந்தால் நாக்கு தேயட்டும், சக்கரம் தேய்ந்தால் மாற்று கிடைக்காது. ஸ்பிரிங்கை வளைத்து அழுத்தம் கூட்டுகிறேன் என்று இடுக்கி எடுக்காதீர்கள், அது வளையாது, முறியும்.

கைப்பிடி உடைந்துவிட்டது. கருங்காலியில் கடைந்து போட ஆசை. சரியாக இருக்குமா?
– வாசகர், செல்லூர்

அருமையாக இருக்கும். கருங்காலி என்று பெயர் சொல்லி இன்றைக்கு எதையெதையோ மாலையாகக் கோத்து விற்கிறார்கள், உண்மையான கட்டை கிடைத்தால் அதற்கு இதைவிட நல்ல வேலை இருக்க முடியாது. இறுக்கமான மரம், தண்ணீருக்கு லேசில் அசையாது. கிடைக்காவிட்டால் வைரம் பாய்ந்த தேக்கு, இல்லை எருமைக் கொம்பு.

முதலில் பார்க்க வேண்டியது, கைப்பிடியின் அச்சு திருகா, ரிவெட்டா என்று. திருகு என்றால் கவலையில்லை, கழற்றி, பழைய துண்டுகளை ஒட்டவைத்து அளவெடுத்து, கடைசல்காரரிடம் கொடுங்கள். துளை அச்சைவிட மயிரளவு பெரிதாக இருக்கட்டும், மழைக்காலத்தில் மரம் ஊதினால் இறுகிப்போய்ச் சுழலாது. உள்ளே மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகினால் இன்னும் நல்லது. மேலுக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள், ஈரக் கையில் வழுக்கும். ரிவெட் என்றால் அதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், திரும்ப அதே மாதிரி அடிக்க எல்லாராலும் முடியாது, அந்த வேலை தெரிந்தவர் கிடைக்கும்வரை பொறுங்கள். உடைந்த பழைய பிடியைக் குப்பையில் போடாமல் ஒரு மருந்து டப்பாவில் போட்டு வையுங்கள். எந்த மாற்றம் செய்தாலும் எனக்கு இது ஒன்றுதான் கணக்கு: நாளைக்கே பழையபடி ஆக்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

பாம்பனில் கடலில் போட்டால் தாங்குமா?
– வாசகர், மானாமதுரை

தாங்காது. பித்தளைக் கால், எஃகுத் திருகு, அலுமினியச் சட்டம் மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அலுமினியத்தை அரித்துவிடும். வெள்ளைப் பொடியாகப் பூக்கும், பார்த்திருப்பீர்கள். கடலுக்குப் புது ரீல் வாங்குங்கள்.

எல்லாம் சரி, இந்த ரீலை வைத்துக்கொண்டு மதுரையில் எதைப் பிடிப்பது? ட்ரவுட்டுக்கு எங்கே போவது?
– வாசகர், வாடிப்பட்டி

ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன், அது வேண்டுமென்றால் மலை ஏறத்தான் வேண்டும். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சுப் பண்ணை வைத்தார்கள், மூணாறில் தேயிலைத் தோட்டத்து ஆங்கிலேயர்கள் ஓடைகளில் விட்டார்கள். எங்கே போனாலும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும், பேரிஜம் பக்கம் மாதிரி காட்டிலாகா எல்லை என்றால் உள்ளே போகவே அனுமதி வேண்டும். கொடைக்கானல் ஏரியே 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் உண்டாக்கியதுதான், அங்கேயும் தூண்டில் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அவ்வளவு தூரம் எதற்கு? ஜிலேபிக் கெண்டை இருக்கிறதே. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன், இன்றைக்கு அது இல்லாத கண்மாய் இல்லை. ஃப்ளை முள்ளை நன்றாகவே எடுக்கும், கையளவு மீன் என்றாலும் லேசான ராடில் சண்டை போடும். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் ஈசல் விழும் பாருங்கள், அப்போது தண்ணீரின் மேல்மட்டத்தில் மீன் வாய் பிளந்து பிளந்து எடுக்கும். பழுப்பு நூலில் ஒல்லியாக உடம்பு சுற்றி, நீள இறகை ரெண்டு பக்கமும் படுக்க வைத்துக் கட்டிய முள்ளை அந்த நேரத்தில் மிதக்கவிட்டால் வேறு எதுவும் வேண்டாம். கரையோரம் அல்லி, தாமரை இருந்தால் விரால் இருக்கும், அதற்குக் கொஞ்சம் பெரிய முள், முள்ளுக்கு முன்னால் பல் தாங்கும் தடித்த நரம்பு.

கண்மாய் குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "ரெண்டு ஜிலேபி பிடித்துத் திரும்ப விட்டுவிடுகிறேன்" என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள், பிடித்த மீனை எதற்கு விடுகிறான் என்று பார்க்கக் கூட்டமும் சேரும். மேலூர்ப் பக்கம் கோடையில் ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக மீன்பிடித் திருவிழா நடக்கும் நாளில் மட்டும் ராடைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், மிதித்துவிடுவார்கள்.

எங்கள் மாமனார் வைத்திருந்த ரீலை விற்கலாம் என்கிறார் கொழுந்தனார். பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். விற்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?
– வாசகி, சிம்மக்கல்

எடைக்குக் கொடுக்காதீர்கள், அதோடு விற்பதற்காகச் சுத்தம் செய்யவும் செய்யாதீர்கள். பெட்டி, தோல் உறை, உள்ளே மடித்து வைத்த காகிதம், உதிரித் திருகு எது இருந்தாலும் ரீலோடு சேர்த்து வையுங்கள், சில சமயம் ரீலைவிட அந்தப் பெட்டியைத்தான் தேடுவார்கள். முகப்பு, முதுகு, கால், ஸ்பூலைக் கழற்றிய பின் உள்பக்கம், பொறித்த எழுத்து, இந்த ஐந்தையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். கால் ராவியதா, விளிம்பு நெளிந்ததா, டிக்-டிக் சத்தம் வருகிறதா என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். முதலில் கேட்டவருக்கே கொடுத்துவிடாமல் ரெண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மாமனாரின் ராடும் மூலையில் எங்காவது சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள், துணி உறைக்குள் மூன்று துண்டாக இருக்கும், ஒட்டடைக் கம்பு என்று நினைத்து யாரும் எடுத்துவிடப் போகிறார்கள்.